ஐஸ் உருகுதுன்னு போட்டீங்க, அங்க உக்காந்து எண்ணுறவங்கள பத்தியும் போடுங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை முப்பது வருஷத்துக்கு மேல வாங்கி படிக்கிறவன் நான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆர்க்டிக்ல ஐஸ் உருகுறத பத்தி அரைப்பக்கத்துக்கு கட்டுரை போட்டிருந்தீங்க, கலர் படத்தோட, ஒரு பனிக்கரடி சின்ன ஐஸ் துண்டு மேல நிக்கிற மாதிரி. நல்ல விஷயம், போட்டதுக்கு நன்றி. ஆனா படிச்சு முடிச்சதும் ஒரு குறை மனசுல உக்காந்துக்கிச்சு, எழுதாம இருக்க முடியல. "விஞ்ஞானிகள் எச்சரிக்கை"னு நாலு இடத்துல இருந்துச்சு, அந்த விஞ்ஞானிங்க யாரு, எந்த ஊர்ல உக்காந்து எதை பார்த்து சொல்றாங்க, எத்தனை வருஷமா பார்க்கிறாங்கனு ஒரு வரி இல்ல. படிக்கிறவங்களுக்கு யாரோ ஏசி ரூம்ல கம்ப்யூட்டரை தட்டி சொல்லிட்டாங்கனுதான் தோணும். என் மச்சானே அன்னிக்கு பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "அதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு மாப்ள, இன்னிக்கு ஒண்ணு சொல்வான் நாளைக்கு ஒண்ணு சொல்வான்"னாரு. அவரை குத்தம் சொல்ல முடியல, அவர் கையில இருந்த பக்கத்துல அதுக்கு மேல எதுவும் இல்ல.

சேட்டிலைட்டை நான் குறைச்சு பேசல. 1979-ல இருந்து வருஷம் தவறாம மேல இருந்து கடல் ஐஸை அளக்கிறாங்க, அதனாலதான் 2012 செப்டம்பர்ல ஐஸ் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு சுருங்கினது நமக்கு தெரியுது, அளக்க ஆரம்பிச்சதுல இருந்து அதுதான் ரொம்ப கம்மி. அதே 1979-ல இருந்து பார்த்தா மொத்த உலகமும் சூடாகுற வேகத்தை விட ஆர்க்டிக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா சூடாகியிருக்கு. இதெல்லாம் உங்க கட்டுரையிலயே இருந்துச்சு. ஆனா ஐஸ் போன கடல்ல ஒரு பறவை இன்னிக்கு தன் குஞ்சுக்கு எந்த மீனை கொண்டாந்துச்சு, அந்த மீனை குஞ்சு முழுங்குச்சா துப்புச்சா, அது மேல இருந்து பார்த்தா தெரியாது. அதுக்கு ஒரு ஆள் கூட்டுக்கு பக்கத்துல மண்டி போட்டு உக்காந்திருக்கணும். அப்படி உக்காந்தவங்கள பத்திதான் எழுதறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமா படுதுனு முதல்லயே சொல்லிடறேன். நான் ஒரு அணைக்கட்டு செக்‌ஷன் ஆபீஸ்ல 27 வருஷம் வேலை பார்த்தவன், தினமும் காலைல எட்டரை மணிக்கு மழைமானி பார்க்கிறது என் பொறுப்பு. புனலை தூக்கி, உள்ள பாட்டில்ல சேர்ந்த தண்ணிய அளவு கிளாஸ்ல ஊத்தி, கண்ணு மட்டத்துக்கு தூக்கி பார்த்து, எத்தனை மில்லிமீட்டர்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். மழை இல்லாத நாள்லயும் போகணும். சித்திரை வைகாசில நாப்பது நாள் ஒரு சொட்டு விழாது, அப்பவும் போய் திறந்து பார்த்து இங்கிலீஷ்ல "நில்"னு, அதாவது ஒண்ணும் இல்லனு, எழுதி கையெழுத்து போடணும். புதுசா வர்ற பசங்க வானம் பளிச்சுனு இருக்கே, எதுக்கு சார் போய் பார்க்கணும்னு கேப்பாங்க. காலியா விட்டா அது மழை பெய்யாத நாளா இல்ல நாம பார்க்காத நாளானு நாளைக்கு படிக்கிறவனுக்கு தெரியாதுப்பானு சொல்வேன். பக்கத்து செக்‌ஷன் ஒண்ணுல ஆள் போடாம பதினாலு மாசம் ரிஜிஸ்டர் வெறுமனே கிடந்துச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு இன்ஜினியர் வெள்ளக் கணக்கு போட வந்தாரு, அவருக்கு வேண்டிய மழை சரியா அந்த பதினாலு மாசத்துக்குள்ள பெஞ்சது. பொரட்டி பொரட்டி பார்த்துட்டு அவர் ரிஜிஸ்டரை மூடி வெச்சது இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது. எவ்வளவு பணம் கொட்டினாலும் போன மழையை திரும்ப அளக்க முடியாதுங்க. ரிட்டையர் ஆன பிறகு போன்ல இந்த ஆர்க்டிக் ஆராய்ச்சி விஷயங்களை தேடி தேடி படிக்க ஆரம்பிச்சதே இதனாலதான், அங்க நான் பார்த்தது என் ரிஜிஸ்டர்தான்.

அலாஸ்காவோட வடக்கு கோடியில உட்கியாக்விக்னு ஒரு ஊர், முன்னாடி அதுக்கு "பாரோ"னு பேரு. அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர்ல கூப்பர் தீவுனு ஒரு திட்டு இருக்கு. மரம் கிடையாது, பாறை கிடையாது, கூழாங்கல்லும் மணலும்தான். 1972-ல ஜார்ஜ் டிவோக்கினு ஒரு இளம் பறவை ஆய்வாளர் அங்க போய் இறங்கினப்போ, அமெரிக்க கடற்படை எப்பவோ விட்டுட்டு போன பழைய மரப்பெட்டிங்களுக்கு அடியில கருப்பு கில்லிமாட்னு ஒரு கடல் பறவை பத்து ஜோடி குடித்தனம் பண்றத பார்த்தாரு. புறா அளவு இருக்கும், உடம்பு முழுக்க கருப்பு, ரெக்கையில மட்டும் ஒரு வெள்ளை திட்டு, காலும் வாய்க்குள்ளயும் செக்கச்செவேல்னு இருக்கும். இதுக்கு முட்டை வைக்க இருட்டான பொந்து வேணும், பாறையே இல்லாத தீவுல பொந்துக்கு எங்க போகும், அதான் பெட்டிக்கு அடியில. 1975-ல இருந்து டிவோக்கி ஒவ்வொரு கோடைக்கும் அங்க போய் கூடாரம் அடிச்சு தங்க ஆரம்பிச்சாரு, கிடந்த பலகை பெட்டியெல்லாம் எடுத்து இன்னும் கூடு வைக்க இடம் பண்ணி குடுத்தாரு. 1980-கள் முடியிறப்போ 200 ஜோடிக்கு மேல ஆயிடுச்சு.

அவர் என்ன பண்ணாருனு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லனுதான் பார்க்கிறவங்களுக்கு தோணும். ஒவ்வொரு பெட்டியா போய் மூடியை தூக்குவாரு. முட்டை இருக்கா, எத்தனை, என்னிக்கு வெச்சது. அடைகாக்கிற பறவையோட கால்ல கலர் வளையம், அதை வெச்சு இது எந்த வருஷம் எந்த பெட்டியில பொறந்ததுனு கண்டுபிடிச்சு எழுதுவாரு. குஞ்சு வந்த பிறகு அதை எடுத்து எடை போட்டு, திரும்ப அதே பெட்டியில விட்டுட்டு, அடுத்த பெட்டி. சாயந்தரம் ஆச்சு போதும்னு நிறுத்தவும் முடியாது, அங்க கோடையில சூரியன் மறையவே மறையாது. இப்படி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, 1975-ல பிடிச்சா அரை நூற்றாண்டு. எழுபது வயசை தாண்டியும் போயிட்டு இருந்தாரு. ஆரம்பத்துல அந்த கடல்ல ஆயில் எடுக்கிறதுக்கு முன்னாடி பறவைகளை பார்க்கணும்னு அரசாங்க பணம் கொஞ்சம் வந்துச்சு, அது நின்ன பிறகும் அங்க இங்க புரட்டி போனாரு.

முக்கியமானது இதுதான் அய்யா, அவர் பூமி சூடாகுறதை நிரூபிக்க போகலை. பறவை எப்படி ஜோடி சேருது, எத்தனை வருஷம் வாழுதுனு பார்க்கத்தான் போனாரு. இருபது வருஷம் எழுதி குவிச்ச பிறகு 1990-கள்ல அந்த முட்டை வெச்ச தேதிங்களை வரிசையா அடுக்கி பார்த்தா, 1975-ல வெச்சதை விட சுமார் பத்து நாள் முன்னாடியே வைக்குது. ஏன்னா இந்த பறவை பனி உருகி கூட்டோட வாசல் திறந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். அதுக்கு பிறகு முட்டை வைக்க ரெண்டு வாரம், அடைகாக்க 28 நாள், குஞ்சு கடலுக்கு போக 35 நாள், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 80 நாள் பனி இல்லாத கோடை வேணும். முன்னெல்லாம் அந்த பக்கத்துல அவ்வளவு நீளமான கோடையே கிடையாது. அதாவது அந்த பத்து ஜோடி அங்க குடிவந்ததே கோடை நீண்டதாலதான். இதை எந்த மெஷினும் சொல்லலை, தேதி போட்டு எழுதின நோட்டு சொல்லுச்சு.

அதுக்கு பிறகு நடந்ததை படிச்சப்போ எனக்கு நெஞ்சு கனத்துப்போச்சு. இந்த பறவைங்க குஞ்சுக்கு கொடுக்கிறது ஆர்க்டிக் காட்னு ஒரு கொழுப்பு மீனு, அது கடல் ஐஸுக்கு அடியில, குளிர்ந்த தண்ணியில இருக்கும். ஐஸ் கரை பக்கத்துலயே இருந்த காலத்துல அம்மா அப்பா ரெண்டும் பறந்து போய் கொத்திட்டு வந்துடும். ஐஸ் வருஷத்துக்கு வருஷம் தூரமா போயிடுச்சு, தண்ணி சூடாச்சு, அந்த மீனும் கூடவே போயிடுச்சு. கிடைச்சது ஸ்கல்பின்னு ஒரு மீன், தலை முழுக்க எலும்பும் முள்ளும். குஞ்சு வாங்கி வாங்கி பார்த்துட்டு முழுங்க முடியாம கீழ போட்டுடும். ஒரு கூட்டுல ரெண்டு முட்டை, ரெண்டாவது பொறந்தது முதல்ல சாகும். பெத்தது ரெண்டும் மீனோட வந்து நிக்குது, குஞ்சு பட்டினியில எடை குறைஞ்சிட்டே வருது, இதை ஒரு மனுஷன் தராசை கையில பிடிச்சிட்டு தினமும் கிராம் கணக்குல எழுதியிருக்காரு.

அதோட போகலை. 2002-ல இருந்து பனிக்கரடிங்க தீவுக்கே வர ஆரம்பிச்சுது, ஐஸ் இல்லாததால கரையேறி பசியில சுத்துதுங்க. முன்னாடி அங்க கரடியை பார்க்கிறதே அபூர்வம். மரப்பெட்டியை ஒரு தட்டு தட்டி கவுத்து குஞ்சை தின்னுட்டு போயிடும். 2011-ல மரப்பெட்டிகளை எடுத்துட்டு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகளை வெச்சாங்க, கரடியால அதை உடைக்க முடியல, ஆனா மீனை பிளாஸ்டிக் பெட்டியால கொண்டுவர முடியாதே. 200 ஜோடிக்கு மேல இருந்த இடத்துல சமீப வருஷங்கள்ல 50 ஜோடி கூட இல்ல. எந்த வெயில் அந்த பறவைய அங்க கூட்டிட்டு வந்துச்சோ அதே வெயில்தான் இப்போ வெளியேத்துது, ரெண்டையும் ஒரே ஆள் ஒரே இடத்துல உக்காந்து பார்த்திருக்காரு. நடுவுல ஒரு பத்து வருஷம் அவர் போகாம விட்டிருந்தா நமக்கு என்ன தெரிஞ்சிருக்கும், முன்னாடி பறவை இருந்துச்சு இப்போ இல்ல, அவ்வளவுதான்.

அதே உட்கியாக்விக் ஊர்ல நடந்த இன்னொண்ணையும் சொல்லணும், இது விஞ்ஞானிங்களே தப்பு பண்ணின கதை. அங்க காலங்காலமா இருக்கிற இனுப்பியாட் மக்களுக்கு போஹெட் திமிங்கிலம்தான் சாப்பாடு, திருவிழா எல்லாம். 1977-ல சர்வதேச திமிங்கில கமிஷன், இந்த திமிங்கிலம் ரெண்டாயிரம் கூட இல்ல, வேட்டையை நிறுத்துங்கனு சொல்லிடுச்சு. கணக்கு எப்படி எடுத்தாங்கனா ஐஸ் ஓரத்துல நின்னு, நடுவுல திறந்திருக்கிற தண்ணியில எத்தனை போகுதுனு பார்த்து. ஊர் பெரியவங்க, முக்கியமா ஹாரி பிரவர் சீனியர்னு ஒரு வேட்டை கேப்டன், நீங்க தண்ணிய மட்டும் பார்க்கிறீங்க, திமிங்கிலம் ஐஸுக்கு அடியிலயும் போகுது, மூச்சு விட தலையால ஐஸை முட்டி உடைக்கும், கரையில இருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்துலயும் போகுதுனு சொன்னாங்க. சில ஆய்வாளர்கள் அதை காது கொடுத்து கேட்டு தண்ணிக்குள்ள மைக் இறக்கி பார்த்தாங்க, ஐஸுக்கு அடியில இருந்து திமிங்கில சத்தம் வந்துச்சு. கணக்கு எடுக்கிற முறையையே மாத்தி, வருஷக்கணக்கா தொடர்ந்து எண்ணி, 2011 கணக்கெடுப்புல 16,000-க்கும் மேலனு வந்துச்சு. நடுவுல குட்டி போட்டு பெருகினதும் அதுல சேர்த்திதான், ஆனாலும் முதல் கணக்கு எவ்வளவு குறைச்சல்னு பாருங்க. அந்த ஊர் ஆளு சொன்னதை நோட்டுல ஏத்தினதாலதான் கணக்கு நேராச்சு. எங்க ஊர்லயும் குளத்துக்கு தண்ணி எந்த வழியா வருதுனு மடை பார்க்கிற பெரியவரை கேக்காம மேப்பை மட்டும் பார்த்து போட்ட வாய்க்காலை நான் பார்த்திருக்கேன், அதனால இது எனக்கு நல்லா உறைச்சுது.

அலாஸ்காவுல கொஞ்சம் தெக்க உள்நாட்டுக்குள்ள வந்தா டூலிக்னு ஒரு ஏரி. எண்ணெய் குழாய் பதிக்கிறதுக்காக போட்ட ரோட்டு ஓரத்துல 1975-ல ஒரு ஆராய்ச்சி கேம்ப் ஆரம்பிச்சாங்க, இப்போ பெரிய நிலையமா இருக்கு. சுத்தி துந்திரா, மரம் கிடையாது, குட்டை குட்டையா கோரை மாதிரி புல்லு, நடுவுல முழங்கால் உயர செடி, கால் வெச்சா ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். மேல் மண்ணு மட்டும் கோடையில இளகும், கீழ வருஷம் பூரா உறைஞ்சேதான் இருக்கும். எவ்வளவு ஆழம் இளகியிருக்குனு எப்படி பார்க்கிறாங்க தெரியுமா, அளவு குறிச்ச ஒரு இரும்புக் கம்பி, அதை கையால மண்ணுல குத்தி இறக்குவாங்க, உறைஞ்ச இடம் வந்ததும் ணங்குனு நிக்கும், அந்த அளவை எழுதிட்டு நாலடி தள்ளி அடுத்த குத்து. இவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு எளிமையான கம்பி, எனக்கு என் அளவு கிளாஸ் ஞாபகம் வந்துடுச்சு.

அங்க குப்பாரக்னு ஒரு ஆறு. 1983-ல இருந்து கோடைக்கு கோடை அந்த ஆத்துல கொஞ்சம் கொஞ்சமா பாஸ்பரஸ் சொட்டு விட்டாங்க, உறைமண் இளகி சத்து ஆத்துல கலந்தா என்ன ஆகும்னு பார்க்கிறதுக்கு. முதல் ஏழெட்டு வருஷம் கல்லு மேல பாசி கூடுச்சு, பூச்சி கூடுச்சு, கிரேலிங்னு ஒரு மீன் நல்லா கொழுகொழுனு வளந்துச்சு. மூணு வருஷத்துல நிறுத்தியிருந்தா, சத்து வந்தா மீனுக்கு நல்லதுனு ரிப்போர்ட் எழுதி மூடியிருப்பாங்க. அவங்க நிறுத்தலை. அதுக்கு பிறகு ஆத்தோட அடித்தரை முழுக்க வேற ஒரு நீர்ப்பாசம் படர்ந்து மூடிடுச்சு, கல்லே தெரியல, அங்க இருந்த பூச்சி வகையே மாறிப்போச்சு, ஆறே வேற ஆறா ஆயிடுச்சு. ஏழெட்டு வருஷம் பார்த்ததுக்கு ஒரு பதில், அதுக்கு மேல பார்த்ததுக்கு வேற பதில்!

தரையிலயும் இதே கதைதான். 1981-ல துந்திராவுல சின்ன சின்ன பாத்தி பிரிச்சு வருஷா வருஷம் உரம் போட ஆரம்பிச்சாங்க. மண்ணு சூடானா மக்குறது வேகமாகி சத்து தானா வெளிய வரும், அதை முன்கூட்டியே செஞ்சு பார்க்கிறாங்க. குட்டை பிர்ச் செடி மத்ததையெல்லாம் அமுக்கிட்டு புதர் மாதிரி வளந்துச்சு. பார்க்க பசுமைதான், செடி வளந்தா காத்துல இருக்கிற கார்பனை இழுக்கும், அப்போ நல்லதுதானேனு எல்லாரும் நினைச்சாங்க. 20 வருஷம் ஆன பிறகு மிஷெல் மேக்கும் கூட இருந்தவங்களும் அந்த பாத்தியில மண்ணை ஆழமா வெட்டி எடுத்து அளந்து 2004-ல வெளியிட்டாங்க, மேல செடியில சேர்ந்ததை விட கீழ மண்ணுல இருந்து போனது அதிகம், ஒரு சதுர மீட்டருக்கு நிகர நஷ்டம் கிட்டத்தட்ட 2 கிலோ கார்பன். உறைமண் பகுதி மண்ணுல இருக்கிற கார்பன் காத்துல இருக்கிறத போல சுமார் ரெண்டு மடங்குங்கிறத இதோட சேர்த்து பாருங்க. மேல இருந்து போட்டோ எடுத்தா பச்சைதான் தெரியும். கீழ காலியாகுறது மண்வெட்டி எடுத்தவனுக்குத்தான் தெரியும், அதுவும் 20 வருஷத்துக்கு முன்னாடியே பாத்தி போட்டு வெச்ச ஒருத்தர் இருந்ததால.

2007-ல அந்த பக்கம் அனக்டுவுக் ஆத்தங்கரையில மின்னல் விழுந்து துந்திராவே எரிஞ்சுது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. ஈரமும் குளிருமா இருக்கிற நிலம் அவ்வளவு எரியும்னு யாரும் எதிர்பார்க்கலை. எரியிறதுக்கு முன்னாடி அந்த மாதிரி மண்ணு எப்படி இருக்கும்னு பக்கத்துல டூலிக்ல பல வருஷ கணக்கு இருந்துச்சு, அதனாலதான் சுமார் 21 லட்சம் டன் கார்பன் போச்சுனு கணக்கு போட முடிஞ்சுது. முன் கணக்கு இல்லாட்டி சாம்பலை பார்த்து என்ன சொல்ல முடியும். இந்த டூலிக் ஆய்வுக்கும் 1987-ல இருந்து ஆறாறு வருஷமாத்தான் பணம் வருது, ஒவ்வொரு தடவையும் எழுதிப் போட்டு, நியாயம் சொல்லி, வாங்கணும்.

இப்போ நம்ம ஊர் சமாச்சாரம், உங்க பேப்பர்ல இது வரலைங்கிறதுதான் எனக்கு பெரிய வருத்தம். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுல, வட துருவத்துக்கு சுமார் 1,200 கிலோமீட்டர்ல நீ ஓலசுன்னு ஒரு குட்டி ஊர். முன்னாடி நிலக்கரி சுரங்கம், 1962-ல நடந்த விபத்துல 21 தொழிலாளிங்க செத்துப்போய் சுரங்கத்தை மூடிட்டாங்க, இப்போ பல நாட்டு ஆராய்ச்சிக்காரங்க மட்டும் இருக்கிற ஊர். நுட்பமான ரேடியோ கருவிங்க இருக்கிறதால அங்க வைஃபை கூடாது, புளூடூத் கூடாது. கரடி வந்தா யாரும் எந்த வீட்டுக்குள்ளயும் ஓடி நுழையலாம்னு கதவை பூட்ட மாட்டாங்க. இந்தியா 2007-ல முதல் குழுவை அனுப்பி, 2008-ல அங்க ஹிமாத்ரினு சொந்த நிலையம் திறந்துச்சு. அந்த ஊர் முன்னாடி இருக்கிற காங்ஸ்ஃபியோர்டன் கடல் நுழைவுல 2014 ஜூலையில இண்ட்ஆர்க்னு ஒரு கருவியை 192 மீட்டர் ஆழத்துல இறக்கினாங்க. அதை உருவாக்கினது யாரு, நம்ம சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். வேளச்சேரி ரோட்டுல தினமும் எத்தனை பேர் அந்த கேட்டை தாண்டி பஸ்ல போறாங்க, அதுக்குள்ள வேலை செஞ்சவங்களோட கருவி வட துருவத்து பக்கம் கடலுக்கு அடியில நங்கூரம் போட்டு நிக்குதுனு எத்தனை பேருக்கு தெரியும்?

மாலையில பூ கோத்த மாதிரி ஒரே கயித்துல மேல இருந்து கீழ வரைக்கும் சென்சாருங்க, ஒவ்வொரு ஆழத்துலயும் தண்ணியோட சூடு, உப்பு, நீரோட்டம் எல்லாம் தானா பதிவாகும். மாசக்கணக்கா சூரியனே வராத குளிர்காலத்துல அங்க போய் அளக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க, இது அங்கயே நின்னு அளந்துட்டு இருக்கும், கோடையில கப்பல்ல போய் மேல எடுத்து பதிவை இறக்குவாங்க. அந்த காங்ஸ்ஃபியோர்டன் சாதாரண இடம் இல்ல. 2006-ல இருந்து அட்லாண்டிக்கோட வெதுவெதுப்பான தண்ணி உள்ள வந்து, குளிர்காலத்துல கெட்டியா உறையுற ஐஸ் ரொம்ப குறைஞ்சுபோச்சு. தெக்க இருந்த கேப்லின், அட்லாண்டிக் காட் மீனுங்க அங்க வந்திடுச்சு. கிட்டிவேக்னு ஒரு கடற்காக்கை, அது குஞ்சுக்கு கொண்டாற இரையிலயே இந்த மாற்றம் தெரியுது. கூப்பர் தீவுல பறவை வாயில பார்த்த அதே சங்கதி, உலகத்தோட இந்த பக்கத்துலயும்.

அதே ஸ்வால்பார்ட்ல துருவமான்களை வருஷம் தவறாம ஏப்ரல்ல பிடிச்சு எடை போடறாங்க. 1994-ல பொறந்த மான் பெருசானப்போ சராசரியா 55 கிலோ இருந்துச்சு, 2010-ல பொறந்தது பெருசானப்போ 48 கிலோதான். குளிர்காலத்துல பனிக்கு பதிலா மழை பெஞ்சு, அது தரையில உறைஞ்சு கண்ணாடி மாதிரி மூடிக்குது, அடியில இருக்கிற புல்லை குளம்பால தோண்டி எடுக்க முடியல, சினை மான் பட்டினி கிடக்குது, குட்டி சின்னதா பொறக்குது. மான் எண்ணிக்கை பார்த்தா கூடியிருக்கு, எடை போட்டவங்களுக்குத்தான் ஒவ்வொண்ணும் இளைச்சு போனது தெரிஞ்சுது.

இப்படி வந்துட்டு இருந்த தொடர்ல பெரிய ஓட்டை விழுந்தது 2022-ல. உக்ரைன் போருக்கு பிறகு ரஷ்ய நிலையங்களுக்கும் மத்த நாட்டு ஆளுங்களுக்கும் இருந்த போக்குவரத்து அநேகமா அறுந்துபோச்சு. ஆர்க்டிக் நிலத்துல கிட்டத்தட்ட பாதி ரஷ்யாவுல இருக்கு, கோலிமா ஆத்துக்கு பக்கத்துல செர்ஸ்கில உறைமண்ணை பல வருஷமா பார்த்துட்டு இருந்த நிலையம் மாதிரி எத்தனையோ. சைபீரியாவோட காடும் உறைமண்ணும் விட்டுப்போனா மிச்ச நிலையங்களோட கணக்கு மொத்த ஆர்க்டிக்கையும் சரியா காட்டாது, ஒரு பக்கமா சாஞ்சிடும்னு 2024-ல ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. போர்ல யாரு பக்கம் நியாயம்னு பேச நான் வரலை. அந்த மண்ணு எவ்வளவு ஆழம் இளகுச்சுங்கிற நம்பர் இந்த வருஷம் மத்தவங்க கைக்கு வரலைனா, பிறகு எந்த சமாதானம் வந்தாலும் இந்த வருஷத்தை திரும்ப குத்தி பார்க்க முடியாது. பதினாலு மாசம் காலியா கிடந்த அந்த பக்கங்கள்தான் எனக்கு ஞாபகம் வருது, இது அதை விட எத்தனையோ மடங்கு பெருசு.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கிறது இவ்வளவுதான். அடுத்த தடவை ஆர்க்டிக் செய்தி போடும்போது "விஞ்ஞானிகள்"னு விட்டுடாம எந்த இடம், எந்த வருஷத்துல இருந்து, எதை எண்ணுனாங்கனு ரெண்டு வரி சேருங்க, என் மச்சான் மாதிரி ஆளுங்க அதை படிச்சா நம்புவாங்க, நான் டிவோக்கியோட கதையை சொன்னதும் அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அம்பது வருஷமா மாப்ள?"னு கேட்டாரு. எங்கயாவது ஒரு ஆய்வு நிலையத்துக்கு பணம் நிறுத்தினா அதையும் செய்தியா போடுங்க, ஐஸ் உடையுறத விட அது சின்ன செய்தி கிடையாது. உங்க சென்னை நிருபர் ஒருத்தரை பள்ளிக்கரணைக்கு அனுப்பி, அந்த கருவியை செஞ்சவங்க, கடல்ல இறக்கினவங்ககிட்ட பேசி ஒரு முழுப்பக்கம் எழுத சொல்லுங்க, பிளஸ் டூ படிக்கிற பசங்க படிக்கட்டும், அவங்கள்ல யாராவது ஒருத்தர் நாளைக்கு அந்த கயித்தை மேல இழுக்கிற கப்பல்ல நிப்பாங்க.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர்ல கூப்பர் தீவுல இந்த கோடைக்கு எத்தனை ஜோடி முட்டை வெச்சுது, எத்தனை குஞ்சு கடலுக்கு போச்சுனு ஒரு மூலையில ஒரு வரி போட்டா போதும். ஒரு வருஷம் நில்னு வந்தா, நில்னே போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அணைக்கட்டு பணியாளர்,
தென்காசி மாவட்டம்